வெண் குறுமீனை இனங்கண்ட பெண்மணி

தை மாதத்தில், பனிமூட்டம் விலகிய இரவொன்றில் உடப்புசல்லாவை மலைச்சரிவில் நின்று அண்ணாந்து பார்ப்போருக்கு, ஒரியன் விண்மீன் கூட்டம் தெளிவாகத் தெரியும். அதன் காலடியில் ஒளிரும் ரைஜலுக்கு மேற்கே மங்கலாகத் தெரிவது 40 எரிடானி. அதற்கு வெறுங்கண்ணுக்குப் புலப்படாத துணை விண்மீன் ஒன்றுண்டு. 1783இல் வில்லியம் ஹெர்ஷல் அதனைக் கண்டார். ஆனால், அதன் இயல்பு வெளிப்பட மேலும் 127 ஆண்டுகள் சென்றன.

1910இல் வானியலாளர் ஹென்றி நொரிஸ் ரசல், ஹாவார்ட் வானாய்வகப் பணிப்பாளர் எட்வர்ட் பிக்கரிங்கிடம் அத்துணை விண்மீனின் நிறமாலை எவ்வகையினது என வினவினார். பிக்கரிங் தொலைபேசியில் திருமதி வில்லியமினா பிளெமிங்கிடம் கேட்டார். அரை மணி நேரமளவில் விடை வந்தது: ‘ஏ’ வகை.

ரசல் திகைத்தார். ‘ஏ’ வகை என்றால் வெப்பம் மிகுந்த வெண்ணிற விண்மீன். வெறும் 16 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள அத்தகைய விண்மீன் பிரகாசமாகத் தெரிய வேண்டும். மங்கலாகத் தெரிகிறதெனின், அது மிகச் சிறியதாகவே இருத்தல் வேண்டும். பூமியிலும் சற்றே பெரிய உருண்டைக்குள் சூரியனின் பாதிக்கு மேற்பட்ட திணிவு அடங்கியிருக்கிறது என்பதை இன்று அறிவோம். 1915இல் வோல்டர் அடம்ஸ், சிரியஸின் துணை விண்மீனும் வெண்ணிறமானதே எனக் காட்டினார். இவற்றுக்கு ‘வெண் குறுமீன்’ என்ற பொருள்படும் பெயரை 1922இல் வில்லெம் லொய்ட்டன் சூட்டினார்.

1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயதுத் தமிழ் இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர், இவ்விண்மீன்களின் திணிவுக்கு ஓர் எல்லை உண்டெனக் கணித்ததையும், 1983இல் நோபல் பரிசு பெற்றதையும் நம்மவர் பெருமையுடன் அறிவர். பிளெமிங்கை அறிந்தோர் சிலரே.

நமது தோட்டங்களுக்குத் துரைமார் பலரை அனுப்பிய ஸ்கொட்லாந்தில், டண்டி நகரில் 1857இல் பிறந்தவர் அவர். அமெரிக்காவில் கணவனால் கைவிடப்பட்டு, பிக்கரிங்கின் வீட்டில் பணிப்பெண்ணாக வேலை செய்தார். 1881இல் வானாய்வகத்தின் நிரந்தர ஊழியரானார். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்களை வகைப்படுத்திய 1890ஆம் ஆண்டுப் பட்டியலில் பெரும்பகுதி அவரது உழைப்பே. அது வெளிவந்ததோ பிக்கரிங்கின் பெயரில்!

ஆண் உதவியாளர்கள் 2,500 டொலர் பெற, தமக்கு 1,500 டொலர் மட்டுமே எனத் தம் நாட்குறிப்பில் 1900இல் அவர் வருந்தி எழுதினார். 1911இல் மறைந்தார்.

கொழுந்து பறிக்கும் நம் பெண்களின் சம்பளக் கணக்கைப் பற்றிப் பல்லாண்டுகள் செய்தி எழுதியவன் நான். அந்த நாட்குறிப்பு எனக்குப் புதிதாகத் தோன்றவில்லை. சந்திரசேகரைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள், பிளெமிங்கின் பெயரையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.