திருமலைக் கல்வெட்டும் பொதுவாசகரும்

திருமலைக்குச் செல்லும் அன்பர்கள் கோயிற்சுவர்களில் உள்ள எழுத்துகளைக் கண்டும் காணாமலும் கடந்து போகின்றனர். தேவஸ்தானத் தொகுப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன; பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. அவற்றைப் பற்றிய அறிக்கையைச் சாது சுப்பிரமணிய சாஸ்திரியார் 1930-இல் வெளியிட்டார். அது அறிஞர்க்குரிய களஞ்சியம். ஏனையோர்க்கு ஊர்ப்பெயரும் பொற்கணக்குமே கண்ணிற்படும்.

அக்களஞ்சியத்தைத் தொடர்ந்து படிக்கத்தக்க வரலாறாக்கியவர் பேராசிரியர் சா. கிருஷ்ணசாமி ஐயங்கார். 1914 முதல் 1929 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். 1940, 1941-ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக வெளிவந்த அவருடைய திருப்பதி வரலாற்றில், சிலப்பதிகாரமும் ஆழ்வார் பாசுரங்களும் கல்வெட்டுக்கு இணையான சான்றுகளாக இடம் பெறுகின்றன. வெள்ளித் திருமேனி அளித்த சாமவை என்னும் அரசமாதேவியையும், 1513 முதல் 1521-க்குள் ஏழு முறை மலையேறிய கிருஷ்ணதேவராயரையும் ஒரே தொடரில் வைத்துக் காண்கிறோம்.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. நூல் ஆங்கிலத்தில் அமைந்தது. சித்தூர்க் கடைத்தெருவில் உள்ள தமிழரும் தெலுங்கரும் தம் ஊர்ச் செய்தியை அயல்மொழி வழியேதான் அறிய வேண்டியிருந்தது. 1953-இல் சித்தூர் மாவட்டம் ஆந்திர மாநிலத்தைச் சேர்ந்தது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. இத்தகைய நூலைத் தமிழாக்கப் புகுவோர் ஆங்கிலத் தொடரை மட்டும் பெயர்த்தால் போதாது. கல்வெட்டையும் அருகில் வைத்துக்கொள்ள வேண்டும். 'நந்தாவிளக்கு' என்னும் சாசனச் சொல் ஆங்கிலம் சென்று 'அணையாத தீபம்' எனத் திரும்புமானால், பொருள் கெடவில்லை. எனினும் சோழர், பல்லவர் காலத்துச் சொல் ஒன்று வழியிலேயே நின்றுவிடுகிறது.