ஹானிபாலில் ஏறிய தஞ்சாவூர்க்காரர்

மயிலாடுதுறையிலிருந்து திருவாரூருக்கு ரயிலில் போயிருக்கிறீர்களா? முத்துப்பேட்டை வரை போகிற அந்தப் பாதை 1894இல் தஞ்சாவூர் ஜில்லா போர்டு பணத்தில் போட்டது. ஜில்லா போர்டு என்றால் ஏதோ தெருவிளக்கு, சாக்கடை பார்க்கிற ஆபீஸ் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ரயில் பாதையே சொந்தமாக வைத்திருந்த போர்டு அது! சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மராட்டிய மன்னர்கள் விட்டுப்போன சத்திரங்கள், அவற்றின் நிலங்கள் எல்லாம் அதன் கையில்.

1924இல் அந்தப் போர்டுக்குத் தலைவராக வந்தவர் சர் ஏ. டி. பன்னீர்செல்வம். 1888இல் பிறந்தவர். ஊர் செல்வபுரம். கத்தோலிக்கர், லண்டனில் பாரிஸ்டர் படித்தவர், நீதிக்கட்சிக்காரர்.

அவர் கை வைத்த இடம் சத்திரங்கள். ராமேஸ்வரம் யாத்திரைக்காரர்களுக்குச் சோறு போட ஏற்பட்டவை. காலப்போக்கில் பெரும்பாலும் பிராமணர்களுக்கே பயன்பட்டன. அந்த வருமானத்தை மற்ற சாதிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதிகளுக்குத் திருப்பினார். ஒரத்தநாட்டு விடுதி அப்படி வந்ததுதான். திருவையாற்றில் அதே அறக்கட்டளைப் பணத்தில் நடந்த கல்லூரியில் சமஸ்கிருதம் மட்டும்தான். அங்கே தமிழும் நுழைந்தது. வித்வான் வகுப்பு வந்தது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்து உமாமகேசுவரனார் இதில் கூட நின்றவர்.

புதுசாக வரி போடவில்லை, சட்டசபைக்கும் போகவில்லை. இருக்கிற சொத்து யாருக்கு என்று கேட்டார், அவ்வளவுதான். அவர் செய்ததிலேயே பெரிய வேலை இதுதான் என்பது என் கட்சி.

அதற்கப்புறம் ஏணி வேகமாக ஏறுகிறது. 1931 வட்டமேஜை மாநாட்டில் இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதி. பிறகு சென்னை அரசில் பதவிகள். 1937 தேர்தலில் கட்சி மண்ணைக் கவ்வியது. இவர் சட்டசபையில் எதிர் வரிசையில் உட்கார்ந்து கட்டாய இந்தியை எதிர்த்தார். 1938 டிசம்பரில் நீதிக்கட்சி மாநாடு பெரியாரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தபோது பெரியார் ஜெயிலில் இருந்தார். அவருடைய தலைமை உரையை மேடையில் வாசித்தவர் பன்னீர்செல்வம். கோட்டு போட்ட பாரிஸ்டர், ஈரோட்டு நாயக்கருக்காக! அந்தக் கட்சி அடுத்து எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்பது அந்தக் காட்சியிலேயே தெரிகிறது.

1940இல் லண்டனில் இந்திய மந்திரியின் ஆலோசகர் பதவி கிடைத்தது. யுத்த காலம். இம்பீரியல் ஏர்வேஸின் 'ஹானிபால்' என்கிற நாலு எஞ்சின், இரட்டை இறக்கை விமானத்தில் ஏறினார். மார்ச் 1ஆம் தேதி பலுசிஸ்தானின் ஜிவானியை விட்டுக் கிளம்பிய விமானம் ஷார்ஜா போய்ச் சேரவில்லை. ஓமான் வளைகுடாவில் எட்டுப் பேரோடு காணாமல் போனது. என்ன ஆச்சு என்று இன்றுவரை தெரியாது.

அவருக்கு அப்போது வயது 51. வாரிசாக யாரையும் தயார்செய்ய நேரமிருக்கவில்லை; நாலு வருஷத்தில் நீதிக்கட்சி என்ற பெயரும் போய் திராவிடர் கழகம் ஆகிவிட்டது.

திருவையாற்றுக் கல்லூரி மட்டும் அதே இடத்தில்தான் இருக்கிறது. தமிழ் வகுப்பும் நடக்கிறது.