மடுவத்தில் நிற்கும் கொழுந்து

ஆள் எவ்வளவு மும்முரமாகத் தெரிகிறார் என்று பார்க்காதீர்கள், என்ன செய்து முடித்தார் என்று பாருங்கள் என இப்போது மேலாண்மை வகுப்புகளில் சொல்கிறார்கள். இலங்கையில் நுவரெலியா, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு இது தலைமுறைக் கணக்கில் பழையது. அங்கே செய்து முடித்ததைத் தராசில் மாட்டியே பார்க்கிறார்கள்.

கொழுந்து செடியை விட்டு வருவது இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக. ஒடித்து ஒடித்துக் கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் வீச வேண்டும். கயிறு நெற்றியில், கூடையோ சாக்கோ முதுகில். மழைக்குப் பிறகு கொழுந்து பொங்கி நிற்கும் மாதங்களில் மத்தியானத்துக்குள்ளேயே அன்றைக்கு எடுக்க வேண்டிய கிலோக் கணக்கு நிறைந்துவிடும். வறட்சியில் அதே கை அதே நிரையில் நாள் முழுக்க நின்றாலும் பத்துக் கிலோ சேர்வது பெரும்பாடு. விளைவு என்று எழுதப்படுவதில் பாதி வானத்துடையது.

ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், நிறுவை. சாக்கைக் கொக்கியில் மாட்டியதும் முள் ஓடி ஆடி ஓரிடத்தில் நிற்கும். ஏட்டில் ஏறுவது அந்த எண் அல்ல. சாக்கின் எடைக்கு, ஈரத்துக்கு, முற்றின இலைக்கு என்று ஒன்றிரண்டு கிலோவாவது கழிந்த பிறகே எழுதுவார்கள். வெயில் காய்ந்த நாளிலும் ஈரத்துக்குக் கழிக்கிறார்கள் என்பது மலையகத்தில் பழைய புகார். கொழுந்து எடுக்கிறவளுக்குப் பின்னால் மேற்பார்வைக்குக் கங்காணியை நிறுத்திய ஏற்பாடு, தராசைப் பிடிக்கிறவருக்குப் பின்னால் யாரையும் நிறுத்தவில்லை.

கணக்கு நிறைந்தால் ஒரு பேர், அதாவது ஒரு முழு நாள் சம்பளம். குறைந்தால் அரைப் பேர், அதாவது முழு நாள் நின்றதற்குப் பாதிச் சம்பளம். சீக்கிரமே நிறைந்துவிட்டால் வீட்டுக்குப் போகலாமா என்றால், அதுவும் இல்லை. மாலை நிறுவை வரை மலையில் இருக்க வேண்டும். மேலதிகக் கிலோவுக்கு ஏதோ கொஞ்சம் கிடைக்கும். அதே தோட்டத்தில் செடியைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டும் ஆண்களுக்கு இத்தனை செடி என்று அளந்து விடுவார்கள். முடித்தவர்கள் ஒரு மணி, இரண்டு மணிக்கெல்லாம் லயத்து வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். வகுப்பில் சொல்லும் பாடம் ஆண்களுக்கு மட்டும் பலித்திருக்கிறது. பெண்களிடம் விளைவையும் கேட்கிறார்கள், நேரத்தையும் கேட்கிறார்கள். சின்னப் பிள்ளையைத் தோட்டத்துக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டு வந்தவளுக்கு இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல.

மடுவத்தைத் தாண்டினால் கொழுந்துக்கு வேறு அளவுகோல். லொறியில் ஆலைக்குப் போய், வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, உலர்த்திச் சலித்தால் நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஏறக்குறைய ஒரு கிலோ தூளாகும். அங்கிருந்து 1883இல் தொடங்கிய கொழும்பு ஏலத்துக்கு. அங்கே வாயில் உறிஞ்சித் துப்பிப் பார்த்துத்தான் மதிப்புப் போடுகிறார்கள். இளங்கொழுந்துக்கு நல்ல விலை. மடுவத்திலோ கழிவு போக இளசும் கிலோதான், முற்றலும் கிலோதான். எடையைப் பார்த்துச் சம்பளம் கொடுத்தால், கங்காணி எவ்வளவு சத்தம் போட்டாலும் கை முற்றலுக்கும் போகத்தான் செய்யும்.

ஏல விலை சம்பளச் சீட்டுக்குத் திரும்பி வந்ததும் உண்டு. தொழிற்சங்கங்களும் தோட்டக் கம்பனிகளும் செய்த 2016 கூட்டு ஒப்பந்தப்படி நாளுக்கு 730 ரூபாய்: அடிப்படை 500, ஒழுங்காக வேலைக்கு வந்ததற்கு 60, இலக்கை எட்டியதற்கு 140, தேயிலை விலைப் பங்கு 30. வந்ததற்கும் செய்ததற்கும் தனித்தனி விலை போட்ட சீட்டு அது. 2019இல் அந்த 60உம் 140உம் போய் அடிப்படை 700 ஆனது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக 1000 ரூபாய் வந்தது. அப்படியானால் கூட்டு ஒப்பந்தம் முடிந்தது என்றன கம்பனிகள். ஒரு பேருக்கு எத்தனை கிலோ என்று உட்கார்ந்து பேசும் இடமும் அதோடு போயிற்று. பல தோட்டங்களில் இலக்கு 18, 20 கிலோ என்று ஏறியது. எட்டாதவர்களுக்கு அரைப் பேர் போட்டார்கள்.