ஒரு வரிக் கட்டளைக்கு உரை

வண்ணாரப்பேட்டையில் எங்கள் படிப்பகத்துக் கணினியில், தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் நூல்களை இறக்கி வைத்திருக்கிறோம். வீட்டில் கணினி இல்லாத கல்லூரிப் பிள்ளைகள், இணையம் அறுந்த நாளிலும் வந்து படிக்கலாம். இறக்கும் கட்டளை ஒரே வரிதான். அதன் பொருள் தெரியாமல் யாரும் அதை ஓட்டக்கூடாது என்பதற்காகவே இந்த உரை.

மூலம்

வெகெட் -ஆர் -எல் 1 -ஏ "பிஎம்00*.பிடிஎஃப்" -என் -டபிள்யூ 5 --லிமிட்-ரேட்=200கே (நூற்பட்டியல் பக்கத்தின் முகவரி)

கணினியில் ஆங்கில எழுத்தில் அடிக்க வேண்டும். ஏ, என் இரண்டும் பெரிய எழுத்து, மற்றவை சிறியவை.

உரை

வெகெட்: குனு திட்டத்தின் கட்டற்ற மென்பொருள். ஹ்ர்வோயே நிக்ஷிச் எழுதி 1996இல் வெளியிட்டார். சர்வரிடம் கோப்பைக் கேட்டு வாங்குவதே இதன் வேலை.

ஆர்: கொடுத்த பக்கத்தோடு நிற்காமல், அதிலுள்ள இணைப்புகளையும் பின்தொடரச் சொல்கிறது. அப்படித் தொடரும்போது, தானியங்கி நிரல்கள் எங்கே நுழையக்கூடாது என்று தளத்தார் எழுதிவைத்திருக்கும் ரோபாட்ஸ் கோப்பை வெகெட் படித்து மதிக்கும். அதை மீறவும் வழி உண்டு, நாம் மீறுவதில்லை.

எல் 1: ஒரு படி மட்டும் இறங்கு. இதை விட்டுவிட்டால் வெகெட் 5 படி ஆழம் வரை போகும். பிடிஎஃப் மட்டும் போதும் என்று சொல்லியிருந்தாலும், உள்ளே இணைப்பு இருக்குமோ என்று வழியிலுள்ள வலைப்பக்கங்களை எல்லாம் இறக்கிப் பார்த்துவிட்டு அழித்துவிடும். அந்தப் பக்கங்களில் ஒன்றும் நம் வட்டில் மிஞ்சாது. சர்வருக்கோ சுமை முழுசாக ஏறியிருக்கும். இந்த வரியில் மறக்கக்கூடாத உறுப்பு இதுதான்.

ஏ: எதை எடுப்பது என்பது இங்கேதான் முடிவாகிறது. மதுரைத் திட்டத்தில் நூலுக்கு ஓர் எண் உண்டு, திருக்குறள் 0001. பிஎம்00 என்று தொடங்கும் பிடிஎஃப்கள் என்றால் முதல் 99 எண்கள். நட்சத்திரம் எது வந்தாலும் ஏற்கும். அதனால் பல பகுதிகளாகப் பிரித்த நூல்களும் விடுபடாது. மேற்கோள் குறி கட்டாயம். சிறிய ஏ போட்டால் பொருளே மாறிவிடும்: ஓட்டக் குறிப்பைக் கோப்பில் சேர் என்றாகும்.

என்: சர்வரில் உள்ள கோப்பின் தேதியையும் அளவையும் நம்மிடம் உள்ளதோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் மட்டும் எடுக்கும். பிழை திருத்திய பதிப்பு வந்தால் கிடைக்கும். பழையதையே திரும்ப இறக்க வேண்டியதில்லை.

டபிள்யூ 5, லிமிட்-ரேட்: ஒரு கோப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே 5 விநாடி பொறு, விநாடிக்கு 200 கிலோபைட்டுக்கு மேல் இழுக்காதே. நமக்கு நேரம் கூடும். அதே நேரத்தில் அந்தத் தளத்தைத் திறக்கும் இன்னொரு வாசகருக்குப் பக்கம் தடையின்றி வரும்.

கருத்து

மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. லோசானிலிருந்து கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தமிழர்கள் கூலி வாங்காமல் தட்டச்சிட்டு மெய்ப்புப் பார்த்த நூல்கள். அங்கிருந்து எடுக்கும்போது வேண்டியதை மட்டும் எடுப்பதும், மெதுவாக எடுப்பதும் அந்த உழைப்புக்கு நாம் செய்யும் மரியாதை. அவர்கள் நம்மிடம் கேட்பது ஒன்றுதான்: உழைத்தவர் பெயர் தாங்கிய முகப்புக் குறிப்பை நீக்காமல் பகிர வேண்டும். வெகெட்டில் அதற்கு உறுப்பு கிடையாது. பென் டிரைவில் நகலெடுத்துக் கொடுக்கும் நாம்தான் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.