கனாத்தும் குழாய்க் கிணறும்

பாரசீகத்தின் வறண்ட மேட்டுநிலத்தில் பேராறுகள் அரிது. ஆயினும் அங்கே கோதுமை விளைந்தது, மாதுளை காய்த்தது, யஸ்து, கெர்மான் முதலிய நகரங்கள் தழைத்தன. கனாத் என்னும் நிலத்தடி வாய்க்காலே அதற்கு மூலம்.

மலையடிவாரத்தில் நீர் தட்டுப்படும்வரை ‘தாய்க் கிணறு’ தோண்டுவர். பின் ஊர்ப்புறத்திலிருந்து மெல்லிய சரிவில் சுரங்கம் வெட்டிச் சென்று அதைத் தொடுவர். கோனாபாத் கனாத்தின் நீளம் 33 கிலோமீட்டர்! ஏற்றமில்லை, மாடில்லை, நீர் தானே நடந்து வருகிறது.

ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏறத்தாழ கி.பி. 1017இல், கணித மேதை அல்-கரஜீ இக்கலைக்கெனவே ஒரு நூல் இயற்றினார். மட்டம் பார்க்கும் கருவிகளை விளக்கியதோடு அவர் நிற்கவில்லை. ஒருவர் தோண்டும் கிணறு அயலார் நீரைக் கவராதிருக்க விட வேண்டிய இடைவெளியாகிய ‘ஹரீம்’ குறித்தும் எழுதினார். நூலின் சிறந்த பகுதி அதுவே என்போம் நாம்.

நீர்மட்டம் தாழ்ந்தால் கனாத்தின் ஓட்டமும் குறையும். பேராசை கொண்டாலும் மிகுதியாக எடுக்க வழியில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவிய ஆழ்குழாய்க் கிணறும் பம்பும் அக்கட்டுப்பாட்டைத் தகர்த்தன. பம்பு வைத்தவன் மேலும் ஆழத்திற்குச் சென்றான். பக்கத்துக் கனாத் வறண்டது. அதை நம்பிய சிற்றூர்கள் வெறிச்சோடின. தெஹ்ரானின் தென்மேற்குச் சமவெளி சில இடங்களில் ஆண்டுக்கு 25 சென்டிமீட்டர் வரை அமிழ்ந்ததை 2003 முதல் 2017 வரையிலான செயற்கைக்கோள் அளவீடுகள் காட்டின. அவ்வாறு இறுகிய மண்ணடுக்கு, மழை பெய்தாலும் முன்போல் நீரை ஏற்பதில்லை.

2016இல் யுனெஸ்கோ 11 பாரசீகக் கனாத்துகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கோனாபாத் கனாத்தும் அவற்றுள் ஒன்று. அதில் நீர் இன்னும் ஓடுகிறது.