மேரியன் தப்பித்தாள்

1966 செப்டம்பர். அமெரிக்காவின் பெரிய தொலைக்காட்சி நிறுவனங்களுள் ஒன்றான சி.பி.எஸ்., ஒரு வெள்ளிக்கிழமை இரவுக்கு ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வை அறிவித்திருந்தது. ஒளிபரப்பும் உரிமைக்குக் கொடுத்த விலை நாலரை லட்சம் டாலர். தியேட்டருக்கு வந்து ஆறு வருடம் ஆகிவிட்ட படம். அன்றைக்குப் பயந்துகொண்டு போகாதவர்கள்கூட இப்போது சோபாவில் சாய்ந்துகொண்டு பார்த்துவிடலாம்.

செப்டம்பர் 23ம் தேதி ஒளிபரப்பு. 18ம் தேதி விடிகாலை, சிகாகோவை ஒட்டிய கெனில்வொர்த் என்கிற பணக்காரக் குடியிருப்பில் ஒரு கொலை நடந்தது. செனட் தேர்தலில் நின்றுகொண்டிருந்த சார்லஸ் பெர்சியின் 21 வயது மகளை, அவளுடைய அறையிலேயே, யாரோ அடித்தும் குத்தியும் கொன்றுவிட்டுப் போயிருந்தார்கள். அப்பா, அம்மா அதே வீட்டில்தான் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

நாடே அதிர்ந்துபோயிருக்கும்போது குளியலறைக் கத்திக்குத்தைக் கூடத்தில் காட்ட முடியுமா? சி.பி.எஸ். முதலில் ஒத்திப்போட்டது. பிறகு அடியோடு கைவிட்டது. மறு வருடம் ஜூனில் நியூயார்க்கின் உள்ளூர் சேனல் ஒன்று, பிள்ளைகுட்டிகள் தூங்கிய பிறகு, ராத்திரிப் படமாகப் போட்டது.

காசு கொடுத்துத் தியேட்டருக்குப் போகிறவன் பயத்தை வாங்கப் போகிறான். டி.வி.யில் பயம் நம் வீட்டுக்கு வருகிறது. இரண்டும் ஒன்றல்ல. கத்திக்குத்துப் படங்களை, ஸ்லாஷர் என்று அவர்கள் சொல்லுகிற வகையறாவை, டி.வி. தொடராக எடுக்க முயன்ற அத்தனை பேரும் முட்டிக்கொண்ட சுவர் இதுதான்.

இதில் ஒரு வேடிக்கை. டி.வி.க்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்ட சைக்கோ, டி.வி. ஆட்களால் எடுக்கப்பட்ட படம்!

நான் பி.காம். படித்தவன். கணக்கைப் பார்க்காமல் கதைக்குள் நுழையத் தெரியாது. ஹிட்ச்காக்குக்கு முந்தைய படமான 'நார்த் பை நார்த்வெஸ்ட்'டுக்கு நாற்பது லட்சம் டாலருக்கு மேல் செலவாகியிருந்தது. அடுத்து சைக்கோ என்றதும் பாரமவுண்ட் முகம் சுளித்தது. நாவலே அவர்களுக்கு அருவருப்பு. சரி, என் காசில் எடுக்கிறேன், நீங்கள் விநியோகம் மட்டும் செய்யுங்கள் என்றார் ஹிட்ச்காக். தன் சம்பளமான இரண்டரை லட்சம் டாலரைத் தள்ளிவைத்துவிட்டு, அதற்குப் பதிலாகப் படத்தில் 60 சதவிகிதப் பங்கை எழுதி வாங்கிக்கொண்டார்.

1955லிருந்து தன் பெயரிலேயே அவர் வாராவாரம் ஒரு டி.வி. நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். வேகமாக, மலிவாக வேலை செய்யத் தெரிந்த பையன்கள். கேமராமேன் ஜான் ரஸ்ஸல் உட்பட அந்த யூனிட்டில் பலரை அப்படியே அழைத்துவந்தார். கறுப்பு வெள்ளை. ரத்தத்துக்கு சாக்லேட் சிரப். மொத்தச் செலவு எட்டு லட்சத்துச் சொச்சம் டாலர். வசூல் கோடிகளில். அறுபது சதவிகிதம் யாருக்குப் போனது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மூலக்கதை வந்த வழி வேறு. 1957 நவம்பரில் விஸ்கான்சின் மாகாணத்தில் பிளெய்ன்ஃபீல்ட் என்கிற சின்ன ஊரில் எட் கீன் என்பவன் பிடிபட்டான். அம்மா செத்தபிறகு பண்ணை வீட்டில் ஒண்டியாக வாழ்ந்தவன். அம்மாவின் அறையை மட்டும் பூட்டி, சுத்தமாக, அப்படியே வைத்திருந்தான். மீதி வீட்டில் போலீஸ் பார்த்தவற்றை இங்கே எழுதப்போவதில்லை. சாப்பிட்டுக்கொண்டே பத்திரிகை படிப்பவர்கள் இருக்கிறீர்கள். இரண்டு பெண்களைக் கொன்றதை ஒப்புக்கொண்டான். மற்றதெல்லாம் கல்லறையில் தோண்டி எடுத்தது.

அங்கிருந்து சுமார் 55 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு சின்ன ஊரில் ராபர்ட் ப்ளாக் என்ற எழுத்தாளர் குடியிருந்தார். எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஊரில், பக்கத்து வீட்டுக்காரன் இப்படிப்பட்டவன் என்று எப்படி ஒருத்தருக்கும் தெரியாமல் போனது? இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு எழுதினார். 1959ல் நாவல் வந்தது. பத்தாயிரம் டாலருக்கும் குறைவான தொகைக்கு, வாங்குவது யார் என்றே சொல்லாமல், ஹிட்ச்காக் தரப்பு உரிமையை வாங்கிவிட்டது.

நாவலில் நார்மன் பேட்ஸ் நாற்பது வயது குண்டு ஆசாமி. குடிகாரன். படத்தில் அந்தோணி பெர்கின்ஸ். ஒல்லி. கூச்சம். பார்த்தால் நம் வீட்டு மாடியில் குடிவைக்கலாம் போலிருப்பான்.

படம் அவனுடைய கதையாகத் தொடங்குவதில்லை என்பதுதான் முக்கியம். மேரியன் கிரேன் என்கிற ஆபீஸ் பெண்ணின் கதையாகத் தொடங்குகிறது. காதலன் சாம் லூமிஸுக்குக் கடன். கல்யாணத்துக்கு வழியில்லை. பாங்க்கில் கட்டச்சொல்லி முதலாளி கொடுத்த 40 ஆயிரம் டாலரோடு காரில் கிளம்பிவிடுகிறாள். முக்கால் மணி நேரம் நாம் அவளோடுதான் போகிறோம். போலீஸ்காரன் காரை எட்டிப் பார்க்கும்போது நமக்கு வேர்க்கிறது. மழை. மோட்டல். நார்மனோடு பேசியபிறகு மனசு மாறி, பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முடிவுசெய்கிறாள். எவ்வளவு செலவாகிவிட்டது என்று ஒரு துண்டுச்சீட்டில் கணக்குப் போட்டுப் பார்க்கிறாள். கிழித்து டாய்லெட்டில் போட்டுவிட்டுக் குளிக்கப்போகிறாள்.

அப்புறம் நடப்பது உங்களுக்குத் தெரியும். படமெடுக்க ஏழு நாள், 78 கேமரா கோணம். திரையில் ஒரு நிமிஷம்கூட இல்லை. கதாநாயகி போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அம்மா? அவள் வெறும் குரல். அந்தக் குரலும் மூன்று பேருடையது. அதில் ஒருவர் ஆண். கடைசியில் பார்த்தால் ஒரு எலும்புக்கூடு. நார்மனுக்கு என்ன வியாதி என்று ஒரு டாக்டர் வந்து சில நிமிஷம் பாடம் நடத்துகிறார். படத்திலேயே சவசவ இடம் அதுதான். எங்கள் தெருவில் வாடகை டெக்கில் இந்தப் படத்தைப் போட்டபோது, டாக்டர் வந்ததும் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். விளக்கம் யாருக்கு வேண்டும்?

ஆனால் டி.வி.க்கு வேண்டும். விளக்கம்தான் அதன் சாப்பாடே.

சைக்கோ பெற்ற பிள்ளைகளைப் பாருங்கள். 1978ல் 'ஹாலோவீன்'. கதாநாயகி ஜேமி லீ கர்ட்டிஸ், மேரியனாக நடித்த ஜேனட் லீயின் சொந்த மகள். டாக்டர் பாத்திரத்தின் பெயர்கூட சைக்கோவிலிருந்து எடுத்த லூமிஸ். 1980ல் 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்'. 1984ல் ஃப்ரெடி க்ரூகர். எல்லாம் ஒன்றரை மணி நேரச் சமாசாரம். செத்தவர்களுக்காக அழ நேரம் கிடையாது. கொன்றவன் யார், எவன் என்று யோசிக்கவும் நேரம் கிடையாது. முகமூடிக்குப் பின்னால் ஒன்றுமே இல்லாததுதான் அவனுடைய பலம்.

இதை வாராவாரம் எப்படி ஓட்டுவது? எண்பதுகளில் முயன்றார்கள். பார்த்தால் சிரிப்பு வரும். 1987ல் 'ஃப்ரைடே தி தர்ட்டீன்த்' என்ற பெயரிலேயே தொடர் வந்தது. மூன்று வருடம் ஓடியது. அதில் ஜேசன் இல்லை! சாபம் பிடித்த பழைய பொருட்களைத் தேடித் தேடி மீட்கிற கதை. பெயர்ப் பலகை மட்டும் வாடகைக்கு. மறு வருடம் ஃப்ரெடிக்கு ஒரு தொடர். அதில் அவர் பெரும்பாலும் கதை அறிமுகம் செய்கிற ஆசாமியாக வந்துபோனார். அதே 1987ல் 'பேட்ஸ் மோட்டல்' என்று என்.பி.சி. ஒரு முன்னோட்டப் படம் போட்டது. அதில் நார்மன் செத்துப்போய், மோட்டலைத் தன் ஆஸ்பத்திரி சிநேகிதனுக்கு உயில் எழுதிவைத்துவிட்டிருப்பான். தொடராக வளரவே இல்லை. நல்லவேளை.

2015ல் எம்.டி.வி. 'ஸ்க்ரீம்' படத்தைத் தொடராக்கியபோது, முதல் எபிசோடிலேயே ஒரு சினிமாப் பைத்தியப் பையன் இந்தச் சிக்கலைப் போட்டு உடைத்துவிடுகிறான். ஸ்லாஷர் சட்டென்று பற்றி எரிந்து அணைகிற விஷயம், டி.வி.யில் இழுக்கவேண்டும், ஆகவே இது நடக்காது என்கிறான். பாவம், அவன் இருந்ததே அப்படி ஒரு தொடரில். அவன் சொன்னதுதான் கிட்டத்தட்ட நடந்தது. 2021ல் வந்த சக்கி பொம்மைத் தொடர் மூன்று சீசன் தாக்குப்பிடித்ததென்றால், காரணம் பொம்மைக்கு வாய் இருக்கிறது. பேசத்தெரிந்த கொலைகாரனை வைத்துக் காலம் தள்ளலாம். முகமூடியை வைத்து முடியாது.

இந்தச் சுவரை நிஜமாகத் தாண்டியது 2013ல் ஏ அண்ட் ஈ சேனலில் வந்த 'பேட்ஸ் மோட்டல்'தான். ஐந்து சீசன், 50 எபிசோட். கார்ல்டன் க்யூஸ், கெர்ரி எஹ்ரின் முதலியோர் உருவாக்கியது. அவர்கள் செய்த தந்திரம், எலும்புக்கூட்டுக்கு உயிர் கொடுத்தது.

அதாவது, அம்மா. நார்மா பேட்ஸ். வேரா ஃபார்மிகா நடித்தார். கணவன் செத்தபிறகு பையனைக் கூட்டிக்கொண்டு ஓரிகானில் ஒரு மோட்டலை வாங்கி, புதுசாக வாழ்ந்துவிடவேண்டும் என்று துடிக்கிற பெண். கையில் செல்போன் இருக்கிற இந்தக் காலத்து அம்மா. கத்துகிறாள், பொய் சொல்லுகிறாள், சிரிக்கவைக்கிறாள். பையனை அளவுக்கு மீறி நேசிக்கிறாள். அவனுக்குள் என்னவோ சரியில்லை என்று தெரிந்தும் ஊருக்குத் தெரியாமல் மூடி மறைக்கிறாள். நம் வீடுகளில் நடக்காததா?

இவள் என்ன ஆகப்போகிறாள் என்று முதல் எபிசோடிலிருந்தே நமக்குத் தெரியும். 1960லேயே பார்த்துவிட்டோமே. அதனால் திடுக் என்பதற்கு இடமில்லை. அந்த இடத்தில் துக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. நாலாவது சீசனின் முடிவில் நார்மன் காற்றுப்போகிற வழிகளை அடைத்து, வீட்டை வாயுவால் நிரப்பி, தூங்குகிற அம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொள்கிறான். அவன் பிழைத்துவிடுகிறான். நான் இரண்டு நாள் அடுத்த எபிசோடைத் தொடவில்லை. சைக்கோ பார்த்த இரவு பாத்ரூம் போகப் பயந்தேன். இது அந்தப் பயமில்லை. சாவு வீட்டுக்குப் போய்வந்த மாதிரி.

ஐந்தாவது சீசனில் மேரியன் வந்தாள். பாடகி ரிஹானா! மழை, மோட்டல், திருட்டுப் பணம் எல்லாம் இருந்தன. பணம் மட்டும் 4 லட்சம் டாலர். விலைவாசி. அவள் குளியலறைக்குள் போகிறாள், திரையை இழுக்கிறாள், தண்ணீர் விழுகிறது. அமெரிக்காவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க, அவள் குளித்து முடித்து வெளியே வந்துவிட்டாள்.

ஒன்றும் நடக்கவில்லை. பணத்தோடு காரில் ஏறிப் போயே போய்விட்டாள்.

குத்து வாங்கியது சாம் லூமிஸ். இந்தத் தொடரில் அவன் கல்யாணமானதை மறைத்து மேரியனை ஏமாற்றியவன். கோணங்கள்கூட ஏறக்குறைய ஹிட்ச்காக்கினுடையவை. ஆனால், சினிமா நார்மன் அம்மாவின் உடையில், அம்மாவாகவே மாறிக் கொன்றுவிட்டு, அப்புறம் ஓடிவந்து ரத்தத்தைப் பார்த்து அலறுவான். இந்த நார்மன் தன் முகத்தோடு, தன் கையால் குத்துகிறான். முடித்துவிட்டு, தான்தான் செய்தோம் என்று தெரிந்து நிற்கிறான். நாலு வருடம் விளக்கம் சொன்ன தொடர், அந்த நிமிஷத்தில் அவனிடமிருந்து சாக்கைப் பிடுங்கிக்கொண்டுவிட்டது. ஹிட்ச்காக்கின் டாக்டருக்கு வராத துணிச்சல் இது. என் கணக்கில் அந்த ஒரு எபிசோடுக்காகவே மீதி 49ஐயும் மன்னிக்கலாம். நடுவில் கஞ்சா வியாபாரிகள் கதையெல்லாம் வரும். ஓட்டிவிடுங்கள்.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. சினிமாவில் நாம் முக்கால் மணி நேரம் செத்தவளோடு இருந்தோம். தொடரில் 50 எபிசோடும் கொன்றவனோடு இருந்தோம். மேரியன் பிழைத்தாள், சரி. ஒரே ஒரு எபிசோடுக்கு மேல் அவளுக்கு எவ்வளவு இடம் கிடைத்தது? 2025ல் நெட்ஃப்ளிக்ஸ், கதையைச் சுற்றிவளைக்காமல் எட் கீனைப் பற்றியே ஒரு தொடர் எடுத்துவிட்டது. தலைப்பில் அவன் பெயர். 1984ல் மனநல மருத்துவமனையில் செத்துப்போனவன், நாற்பது வருடம் கழித்து நட்சத்திரம்.

கீன் எப்படி மாட்டினான் என்று சொல்லவில்லை அல்லவா? பிளெய்ன்ஃபீல்டில் பெர்னீஸ் வோர்டன் என்ற அம்மாள் ஹார்டுவேர் கடை நடத்திவந்தார். 1957 நவம்பர் 16, மான் வேட்டை ஆரம்பிக்கிற நாள். ஊர் ஆண்கள் பெரும்பாலும் காட்டில். சாயங்காலம் அவருடைய மகன் வந்து பார்த்தால் கடையில் அம்மா இல்லை. தரையில் ரத்தம். மகன் அந்த ஊர் ஷெரீஃபின் உதவியாளர். அவர் முதலில் எடுத்துப் பார்த்தது பில் புத்தகத்தை. குளிரில் கார் இன்ஜின் தண்ணீர் உறையாமலிருக்க ஊற்றுகிற ஆன்ட்டிஃப்ரீஸுக்கு ஒரு ரசீது இருந்தது. முதல் நாள் அதைக் கேட்டுவிட்டுப் போனவன் கீன் என்று மகனுக்கு ஞாபகம் இருந்தது.

அன்றைக்குக் கடைசியாக எழுதப்பட்ட ரசீது அது. அம்மாவின் கையெழுத்து.