குற்றவாளிக் கூண்டில் பார்வையாளர்: தமிழ் சினிமா விமர்சனத்தின் சில வழக்குகள்

1

ஒரே படத்தை ஒருவர் கலை என்கிறார், இன்னொருவர் குப்பை என்கிறார். ‘ரசனை வேறுபாடு’ என்று சொல்லி இதை முடித்துவிடுவது நமக்குப் பழகிப்போன வழக்கம். ரசனை என்பது ஏதோ பிறக்கும்போதே ஒட்டிக்கொண்டு வந்த மச்சம் மாதிரி! தமிழ் சினிமா விமர்சனத்தின் தொண்ணூறு ஆண்டுகளைப் புரட்டினால் வேறொன்று தட்டுப்படுகிறது. விமர்சகர்கள் கடுமையாக முரண்பட்ட இடங்களிலெல்லாம், கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்கள் யார், அவர்களுக்கு என்ன தெரியும் என்பதே வழக்கின் அடிப்படையாக இருந்திருக்கிறது. படம் தடயப் பொருள். பார்வையாளர் குற்றவாளி. விமர்சகர் நீதிபதி. அப்படிப்பட்ட வழக்குகளில் சிலவற்றை மறுபடி எடுத்துப் படிக்கலாம் என்று தோன்றுகிறது.

தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் அரங்கு சினிமாக் கொட்டகைதான் என்றார் கா. சிவத்தம்பி. யார் எங்கே உட்காருவது என்பதை அங்கே சாதி தீர்மானிக்கவில்லை, டிக்கெட் விலை தீர்மானித்தது. இதை அப்படியே ஒரு சமத்துவப் புரட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தரை, பெஞ்சு, நாற்காலி என்ற அடுக்கு இருந்தது. ஆணையும் பெண்ணையும் பிரிக்க நடுவில் தடுப்பு இருந்தது. ஆனாலும் சபா, கோயில் மண்டபம், தேவாரக் கச்சேரி எதிலும் நுழைய முடியாத ஒருவர் காசு கொடுத்து உள்ளே வந்து, பிடிக்காவிட்டால் விசிலடித்துச் சத்தம் போடலாம் என்றானது. 1931இல் ‘காளிதாஸ்’ வந்து தமிழ் பேசத் தொடங்கிய பிறகு படித்தவர்களுக்கு ஏற்பட்ட பதற்றத்தை இதிலிருந்துதான் புரிந்துகொள்ள முடியும்.

எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத தலைவர்கள் இதில் ஒத்துப்போனதைப் பாருங்கள். ராஜாஜிக்குச் சினிமா பிடிக்காது. பெரியார் நாட்டைப் பிடித்த ஐந்து நோய்களில் ஒன்றாகச் சினிமாவைச் சேர்த்தார். காமராஜர் அரசியலுக்கு வந்த சினிமாக்காரர்களைக் கூத்தாடிகள் என்றார். காரணங்கள் வேறு வேறு. பெரியாரின் பகுத்தறிவும் ராஜாஜியின் ஒழுக்கமும் ஒன்றல்ல. ஆனால் மூவருடைய பேச்சிலும் தரை டிக்கெட்டுக்காரர் ஏமாறுகிறவராக, கெட்டுப்போகக் காத்திருப்பவராகவே வருகிறார்.

எங்கள் புதுக்கோட்டையின் பி.யு. சின்னப்பாவை எடுத்துக்கொள்வோம். 1942இல் ‘கண்ணகி’, ‘மனோன்மணி’ இரண்டிலும் அவர்தான் நாயகன். இரண்டாவது படம் சுந்தரம் பிள்ளையின் 1891ஆம் ஆண்டு நாடகமான ‘மனோன்மணீய’த்திலிருந்து வந்தது. தமிழ் எம்.ஏ. வகுப்பில் நாங்கள் அந்த நாடகத்தைப் படித்தோம், படிப்பதற்கான நாடகம் என்று எழுதி மார்க்கும் வாங்கினோம். எழுத்தே தெரியாதவர்களிடம் சின்னப்பாவின் குரல் வழியாக அது போய்ச் சேர்ந்தது பற்றி ஒரு வரி கிடையாது. இலக்கிய வரலாறு எந்த வாசகரைத் தன் வாசகராக ஒப்புக்கொள்கிறது என்பதற்கு இது ஒரு சான்று.

2

‘பராசக்தி’ 1952 தீபாவளிக்கு வந்தது. மு. கருணாநிதி வசனம், கிருஷ்ணன்–பஞ்சு இயக்கம். கோயில் பூசாரி கல்யாணியைப் பலவந்தப்படுத்த முயலும் காட்சியும் கோர்ட் காட்சியும் ஒரு தரப்பைக் கொதிக்க வைத்தன. தடை செய்யச் சொல்லிக் குரல்கள் எழுந்தன. ‘தினமணி கதிர்’ படத்தின் பெயரையே ‘பரப்பிரம்மம்’ என்று திரித்துக் கேலி செய்து விமர்சனம் எழுதியது. தி.மு.க.வினர் சளைக்கவில்லை. அந்தக் கேலிப் பெயரையே தலைப்பாக வைத்து நாடகம் போட்டார்கள். ஒரு விமர்சனத்துக்கு இப்படி மேடையிலேயே பதில் சொன்னது தமிழில் அபூர்வம்.

எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1991இல் இந்தப் படத்தைப் பற்றி விரிவாக எழுதினார். அதன் பிறகு அது ஒரு ஆய்வுப் பொருளாகவும் ஆனது. ஆனால் ஆதரித்தவர், எதிர்த்தவர் இருவருமே நாத்திகம், வசனம், கட்சி என்ற மூன்றைத்தான் சுற்றிச்சுற்றி வந்தார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால் பேச்சு ரங்கூனில் தொடங்கும். யுத்தத்தின்போது பர்மாவிலிருந்து திரும்பி, ஊரில் வந்து அநாதையாக நிற்பது அவர்களுக்குக் கதை இல்லை. புதுக்கோட்டை, காரைக்குடிச் சுற்றுவட்டாரத்தில் ரங்கூன் போனவர்கள் இல்லாத ஊர் குறைவு. பூசாரியைப் பற்றிய வழக்கில் அகதியைப் பற்றிய படம் காணாமல் போனது. இரண்டு தரப்பு நீதிபதிகளுமே சாட்சியை விசாரிக்கவில்லை.

3

1977இல் இரண்டு படங்கள் வந்தன. ஒன்று ஜான் ஆபிரகாமின் ‘அக்ரஹாரத்தில் கழுதை’. திரைக்கதை வெங்கட் சாமிநாதன், அதாவது தமிழ்ச் சினிமாவைச் சளைக்காமல் திட்டிய விமர்சகரே இறங்கி எழுதிய படம். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது, தியேட்டர் கிடைக்கவில்லை. 1965இல் ஜெயகாந்தனின் ‘உன்னைப்போல் ஒருவ’னுக்கும் இதே கதிதான்: அரசின் விருது வந்தது, விநியோகஸ்தர் வரவில்லை. இன்னொன்று பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’. ஸ்டுடியோவை விட்டுத் தமிழ்ச் சினிமா தெருவுக்கு வந்துவிட்டது என்று கொண்டாடப்பட்டது. பின்னால் வந்த விமர்சகர்கள் அந்த மண்வாசனைக்குள் எந்தச் சாதியின் வாசனை என்று கேட்டார்கள். சரியான கேள்விதான்.

இதில் கவனிக்க வேண்டியது வேறு. சிறுபத்திரிகை வாசகருக்கு ‘கழுதை’ ஒரு அளவுகோலாக ஆனது. அதை வைத்து மற்ற படங்களை அளந்தார்கள். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? திரைப்படச் சங்கம் இருந்த நகரங்களில் சிலர். ஆலங்குடி மாதிரி ஊருக்குப் படமே தாமதமாகத்தான் வரும், விருதுப் படம் வரவே வராது. வராத படத்தைப் பார்க்கவில்லை என்று ஜனங்களின் ரசனையைக் குறை சொல்வது, சோறு போடாமல் பசியில்லை என்று எழுதிவைப்பதுபோல. படம் நல்ல படம்தான். தீர்ப்புதான் கோணல்.

4

1992இல் வழக்கு முற்றியது. ஆகஸ்டில் ‘ரோஜா’, அக்டோபரில் ‘தேவர் மகன்’. முன்னதற்குத் தேசிய ஒருமைப்பாட்டு விருது, பின்னதற்குச் சிறந்த தமிழ்ப் படத்துக்கான விருது. வெகுஜனப் பத்திரிகைகள் ஒளிப்பதிவு, இசை, நடிப்பு என்று மார்க் போட்டன. 1994இல் தேஜஸ்வினி நிரஞ்சனா ‘ரோஜா’வின் தேசம் யாருடையது என்று கேட்டார். ருஸ்தம் பரூச்சா ஃபாசிசத்தின் எல்லையில் அதை வைத்தார். வெங்கடேஷ் சக்கரவர்த்தியும் எம்.எஸ்.எஸ். பாண்டியனும் விவாதத்தில் சேர்ந்தார்கள். எல்லாம் ஒரே ஆங்கில வார இதழில். தமிழில் ஓடிய படத்தின் மீது ஆங்கிலத்தில் விசாரணை. சுந்தரபாண்டியபுரத்துப் பெண்ணுக்குத் தமிழ் மட்டுமே தெரியும், ராணுவத்திடம் தன் குறையைச் சொல்லவே அவளுக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டியிருக்கிறது. 1965இல் இந்தியை எதிர்த்துத் தெருவுக்கு வந்த மாநிலத்தில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு இந்த இடம் உறுத்தாமல் போகுமா? இந்தி டப்பிங்கில் இந்த உறுத்தல் நிற்காது. அப்படியானால் ‘ரோஜா’ ஒரு படமா, இரண்டா?

‘தேவர் மக’னை ஆதரித்தவர்கள் முடிவைக் காட்டினார்கள்: அரிவாளை விடுங்கள், பிள்ளைகளைப் படிக்கவையுங்கள் என்கிறது படம் என்றார்கள். எதிர்த்தவர்கள் பாட்டைக் காட்டினார்கள். இரண்டுமே படத்தில் இருக்கிறது. ஆனால் ஒலிபெருக்கியில் முடிவு ஒலிக்கவில்லை, பாட்டுதான் ஒலித்தது. ஒரு பிரதியின் எந்தப் பகுதி தெருவுக்கு வருகிறது என்பதைத் தெருவின் அதிகாரமே தீர்மானிக்கிறது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது இதே புதுக்கோட்டை மாவட்டத்தில்தான். இங்கிருந்துகொண்டு ‘சினிமாவை சினிமாவா பாருங்க’ என்ற உபதேசத்தைக் கேட்டுக்கொள்ள முடியவில்லை.

5

அந்தப் படத்துக்கு ஆகச்சிறந்த விமர்சனம் 31 ஆண்டுகள் கழித்து வந்தது, படமாகவே. 2023 ஜூனில் ‘மாமன்னன்’ இசை வெளியீட்டு மேடையில், கமல்ஹாசனை வைத்துக்கொண்டே, ‘தேவர் மகன்’ தனக்குள் ஏற்படுத்திய வலியிலிருந்தே தன் படம் பிறந்தது என்றார் மாரி செல்வராஜ். ‘தேவர் மக’னில் கையை இழக்கும் இசக்கி வடிவேலு. ‘மாமன்ன’னில் சட்டமன்ற உறுப்பினராகியும் நாற்காலியில் உட்கார முடியாமல் நின்று, கடைசியில் உட்காருகிறவரும் வடிவேலு. 1992இல் நம்மில் பெரும்பாலோர் இசக்கியை வேடிக்கைப் பாத்திரமாக எண்ணிக் கடந்து போனோம். கொட்டகையில் ஒரு பையன் அப்படிக் கடந்து போகவில்லை.

இதோடு சுபம் போட்டுவிட முடியாது. ‘மாமன்னன்’ வந்த பிறகு அதன் வில்லன் ரத்னவேலுவை வெட்டியெடுத்து, சாதிப் பாட்டுச் சேர்த்து, செல்போன்களில் கொண்டாடினார்கள். பார்வையாளர் என்பவர் ஏமாளி இல்லை என்றால், எப்போதும் நம் தோழர் என்றும் அர்த்தமில்லை. அவர் சாதியோடும் பசியோடும் நினைவோடும்தான் உள்ளே வருகிறார்.

ஆகவே விமர்சகர்கள் ஒரே கருத்துக்கு வரவேண்டும் என்று யாரும் கவலைப்பட வேண்டாம், முரண்பாடு இருக்கட்டும். ஒரு கோரிக்கை மட்டும். படம் நன்றாயிருக்கிறது, இல்லை என்று எழுதுவதற்கு முன், அதை எந்த ஊரில், யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தீர்ப்பு எழுதியவரின் முகவரி இல்லாத தீர்ப்புகள் ஏற்கெனவே நம்மிடம் நிறையக் குவிந்து கிடக்கின்றன.